எட்டாவது துப்பாக்கி

ஸ்கோபி, மான்டானா
ஆகஸ்ட் 9, 2018

மார்லிஸ்,

போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியதை எழுது. நானும் எழுதுகிறேன். வாயால் பேசினால் வரக்கூடாதது வந்துவிடும். அப்புறம் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து என் காதைத் திருகுவாள்.

செவ்வாய்க்கிழமை கோதுமை அறுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுப்பின் மேல் மாட்டிறைச்சி ஸ்டியூ மூடி வைத்திருந்தது. பக்கத்தில் உன் சீட்டு: "சூடு பண்ணிச் சாப்பிடுண்ணா, நான் கெளம்பறேன்." பாசக்காரத் தங்கை, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாளே என்று வருத்தப்பட்டேன். ரெண்டு தட்டு சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலை கன்றுகளைச் சுற்றி நரி ஊளையிட்டது. இரும்புப் பெட்டகத்தைத் திறந்தேன். காலி. ஏழு துப்பாக்கி, மார்லிஸ்! அப்பாவின் மான் துப்பாக்கி, இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்கு ரோண்டா வாங்கித் தந்த வாத்துத் துப்பாக்கி, ஒன்று விடாமல். பெட்டகச் சாவி காபி டப்பாவில் இருக்கிறதென்று இந்த மாவட்டத்துக்கே தெரியும். ஆனால் இத்தனை வருஷத்தில் மாவட்டத்தில் வேறு எவனும் கை வைக்கவில்லையே.

செய்த விதம்தான் என்னால் தாங்க முடியவில்லை. ரோண்டாவின் குளிர்கோட்டுகளைச் சர்ச்சுக்குக் கொடுக்கிறேன் என்றாய். காலையில் நானே அவற்றைத் தூக்கிவந்து உன் வண்டியில் போட்டேன். நான் வயலுக்குப் போன பிறகு அதே கோட்டுகளுக்கு அடியில் என் துப்பாக்கிகளை ஒளித்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்டியிருக்கிறாய். பிப்ரவரியில் அவள் கண்ணை மூடியதிலிருந்து எல்லோரும் என்னை விரிசல் விட்ட கண்ணாடித் தம்ளர் மாதிரி பார்க்கிறார்கள். சரி, பார்க்கட்டும். ஆனால் ஒரு நீதிபதிகூட என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்து ஒரு வார்த்தை கேட்காமல் என் பொருளை எடுக்க மாட்டான்.

அம்மா இறந்தபோது அந்த நீலக் கிண்ணத்தையும் இப்படித்தான் கேட்காமல் எடுத்துப் போனாய். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். திருப்பிக் கொண்டுவந்து வை.

டெல்மர்

*

மிசூலா
ஆகஸ்ட் 15

அண்ணா,

திட்டு. நன்றாகத் திட்டு. உன் கடிதத்தை, நான் வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்து படித்தேன். எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "உங்களுக்குமா பல்வலி?"ன்னு கேட்டாங்க. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் எடுத்தது திருட்டுத்தான். மறுக்கவில்லை. ஏன் எடுத்தேன் என்று மட்டும் கேள்.

வந்த இரண்டாம் நாள் பாலை எடுக்கப் போனேன். பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு தாள் ஒட்டியிருந்தாய். "பிஸ்கட்: டுவேனுக்கு. ராத்திரி வீட்டுக்குள்ள படுக்கும், வெளிய கட்டாதே. கோழிகள்: சர்ச்சுக்கு. டிராக்டர் சாவி: கொக்கியில்." உன் நாயைப் பக்கத்துப் பண்ணைக்காரனுக்குக் கொடுக்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறாய், அதுவும் உன் கோணல் கையெழுத்தில் இல்லாமல் அழகாக, பெரிய எழுத்தில், யாரோ வந்து படிக்கப்போகிற மாதிரி. பால் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். நீ உள்ளே வந்து, "என்னடி, பேயடிச்ச மாதிரி நிக்கிற?"ன்னு கேட்டே. "பால் கெட்டுப்போச்சு"ன்னேன். கெடவில்லை.

அப்போதே உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை அண்ணா. கேட்டால், நினைக்காத ஆளுக்கு நானே நினைப்பைக் கொடுத்துவிடுவேனோ என்று பயம். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் உன் அறுவடை இயந்திரம் மேட்டைத் தாண்டியதும் காபி டப்பாவைக் கவிழ்த்துவிட்டேன்.

நான் துப்பாக்கிக்கு எதிரி இல்லை, உனக்கே தெரியும். பன்னிரண்டு வயதில் முதல் மானை அடித்தவள் நான். நீ குறி தவறி வேலிக் கம்பத்தைச் சுட்டாய். நம் வீட்டில் வேட்டை முடிந்து யார் வந்தாலும், பாதிரியாராகவே இருந்தாலும், வாசற்படியிலேயே துப்பாக்கியிலிருந்து போல்ட்டை உருவி அம்மாவின் நீலக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத்தானே உள்ளே வர வேண்டும்? விரல் நீள இரும்பு. அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய். அம்மா செய்ததைத்தான் நானும் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளக் கூடாதா?

ஏழும் என் படுக்கையறை அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. கோட்டுகளும் இருக்கின்றன. சர்ச்சுக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

உன் தங்கை

*

ஸ்கோபி
ஆகஸ்ட் 24

மார்லிஸ்,

அந்தத் தாளா? போன வருஷம் தனியாக இருந்த ஹாகன் டிராக்டர் கவிழ்ந்து செத்தானே, மறந்துவிட்டதா? மூன்று நாள் அவன் மாடு தண்ணியில்லாமல் கத்திக்கொண்டு கிடந்தது. தனியாக இருக்கிறவன் நாலு விஷயத்தை எழுதி ஒட்டி வைப்பது புத்திசாலித்தனம். அதைப் பார்த்து நீ ஒரு பிணத்தையே கற்பனை பண்ணிக்கொண்டாய்.

அம்மாவை இதில் இழுக்காதே. அம்மா ஒருத்தன் போல்ட்டையும் பிடுங்கியதில்லை. கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். அவனவன் தன் கையால் உருவிப் போட்டான். போகும்போது கேட்காமலேயே எடுத்துக்கொண்டான். சுதந்திரம் என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். துப்பாக்கி உரிமை என்று சட்டப் புத்தகத்தைக் காட்டி மேடையில் கத்துகிறவனெல்லாம் அப்புறம். நீ செய்தது கிண்ணம் நீட்டுவது இல்லை, பையில் கை விடுவது.

இன்னொன்றும் தெரிந்துகொள். திங்கட்கிழமை டவுனில் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால், ஒரு படிவத்தை நிரப்பினால், கால் மணி நேரத்தில் புதுசு கைக்கு வந்துவிடும். கடைக்காரன் படிவத்தை நீட்டினான். பேனாவைக் கையில் எடுத்தேன். "மான் சீசனுக்கா டெல்மர்?"ன்னான். "பாக்கலாம்"னு சொல்லிட்டு வந்துட்டேன். வாங்கவில்லை. வாங்க முடியும் என்று பார்க்கத்தான் போனேன். நீ ஏழு எடுத்தால் எட்டு வாங்குவேன், பத்து வாங்குவேன், உன்னால் என்ன செய்ய முடியும்? உன் அலமாரி எவ்வளவு பெரிசு?

மற்றபடி இங்கே மழை இல்லை. கோதுமை பரவாயில்லை. வியாழக்கிழமை விடியற்காலை நரி கோழிக்கூண்டுக்குள் புகுந்துவிட்டது. ரெண்டு கோழி போச்சு, மூணாவதுக்குள் அதன் கதையை முடித்துவிட்டேன். கொட்டகைக்குப் பின்னால் புதைத்தாயிற்று. பிஸ்கட் அந்த இடத்தையே மோந்துகொண்டு திரிகிறது.

அக்டோபர் 20 சீசன் திறக்கிறது. அதற்குள் அப்பாவின் துப்பாக்கி இங்கே இருக்க வேண்டும்.

டெல்மர்

*

மிசூலா
ஆகஸ்ட் 28

அண்ணா,

நரியை எதால் கொன்றாய்?

கடிதம் கையில் கிடைத்ததிலிருந்து பதினோரு முறை போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. நரியை மண்வெட்டியால் அடிக்க முடியாது. கடையில் வாங்கவில்லை என்கிறாய். அப்படியானால் வாங்கிவிட்டாய், என்னிடம் பொய் சொல்கிறாய். இல்லையென்றால் பெட்டகத்தில் எனக்குத் தெரியாமல் ஏதோ இருந்திருக்கிறது. நான் எண்ணினேன். ரெண்டு தடவை எண்ணினேன். கையை விட்டுத் துழாவிக்கூடப் பார்த்தேன்.

டுவேனுக்குப் போன் பண்ணிப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கோபப்படு, பரவாயில்லை. கோபப்படுகிற ஆளாக இரு, அது போதும்.

ஒரு வரி எழுது. எதால் கொன்றாய்?

மார்லிஸ்

*

ஸ்கோபி
செப்டம்பர் 4

மார்லிஸ்,

நல்ல காரியம் பண்ணினாய். வாழ்க!

டுவேன் மட்டும் வரவில்லை. பயந்து போய் ஷெரிப் ஆபீஸ் போலீஸ்காரப் பையன் ஒருத்தனையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் டுவேனின் மச்சான் மகன்தான். சின்ன வயதில் என் டிராக்டரில் வாந்தி எடுத்தவன். இப்போது இடுப்பில் பெல்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "மாமா, வீட்டுல துப்பாக்கி ஏதாச்சும் இருக்கா?"ங்கறான். "வீட்டுல ஒண்ணும் இல்லப்பா, என் தங்கச்சி தொடச்சு எடுத்துட்டுப் போயிட்டா"ன்னேன். பெட்டகத்தைத் திறந்து காட்டினேன். மூன்று பேரும் கொட்டகை வாசலில் நின்று காபி குடித்தோம். வெயில், மழை, கோதுமை விலை. சாலையில் போகிறவனெல்லாம் வண்டியை மெதுவாக்கி ஷெரிப் காரைப் பார்த்துக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

எதால் கொன்றேனா? கொட்டகைத் துப்பாக்கியால்தான். வேறு எதால்? வாசல் நிலைக்கு மேலே ஆணியில் தொங்குகிறதே, எலிக்கும் பாம்புக்கும் எடுக்கிற சின்னது, அப்பா காலத்திலிருந்து. அதை யார் துப்பாக்கி என்று சொல்வார்கள்? மண்வெட்டி, கடப்பாரை மாதிரி அதுவும் ஒரு சாமான். அந்தப் பையன் அதற்கு நேர் கீழே சாய்ந்து நின்றுதான் காபி குடித்தான். அவனுக்கும் கண்ணில் படவில்லை. அவன் வீட்டுக் கொட்டகையிலும் ஒன்று தொங்கும், அதான்.

பொய் சொல்லவில்லை நான். நீ கேட்கிற வரைக்கும் அது என் கணக்கிலேயே இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ டுவேனைக் கேட்டாய். டுவேன் ஷெரிப் ஆபீஸைக் கேட்டான். அந்தப் பையன் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டான். ஏழு மாதமாக எல்லோரும் எதையெதையோ கேட்கிறார்கள். என்னைப் பற்றி என்னிடம் எவரும் கேட்கவில்லை.

இனி எழுதாதே.

டெல்மர்

*

மிசூலா
செப்டம்பர் 9

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

கொட்டகைத் துப்பாக்கி! அதை நானே எத்தனை தடவை ஆணியிலிருந்து எடுத்திருப்பேன். நாற்காலி போட்டு ஏறித்தான் எட்டும். அந்த வாரம் முழுக்க அதற்குக் கீழே போய் வந்து முட்டை பொறுக்கினேன். ஏழு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, என் அண்ணனைக் காப்பாற்றிவிட்டேன் என்று சாலை முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். எட்டாவதை உன் தலைக்கு மேலேயே விட்டுவிட்டு. உன் கடிதத்தைப் படித்ததும் காபியைக் கொட்டிவிட்டேன்.

போன் கையில்தான் இருக்கிறது. டுவேனைக் கூப்பிட்டு, "அந்த வாசல் மேலருந்து அத எடுத்துடு"ன்னு சொல்ல ஒரு நிமிஷம் போதும். மூன்று முறை எண்ணை அழுத்தி மூன்று முறை வைத்துவிட்டேன். ஏன் தெரியுமா? நீ கடைக்குப் போய் வந்தவன். நான் எட்டை எடுத்தால் ஒன்பது வரும். உன் முதுகுக்குப் பின்னால் ஓடி ஓடி எத்தனை காலம் எண்ணுவேன்? தப்பான முடிவோ என்னவோ தெரியவில்லை. ஆனால் இன்னொரு தடவை உனக்குத் தெரியாமல் எதையும் செய்ய மாட்டேன்.

டுவேனிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறேன்: தினமும் காலையில் உன்னோடு காபி குடிக்க வேண்டும். வேறெதுவும் சொல்லவில்லை. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். அவன் வந்தால் விரட்டாதே, அவன் வீட்டுக் காபி கழுநீர்.

இப்போது கேட்கிறேன். பால் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றே கேட்டிருக்க வேண்டியது.

செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா அண்ணா?

ஆமாம் என்றாலும் எழுது. நான் கத்த மாட்டேன், அழ மாட்டேன், அழுதாலும் உனக்குத் தெரியாமல் அழுவேன். எழுத முடியாவிட்டால் எந்த நேரமானாலும் கூப்பிடு, தலையணைக்கு அடியில் போன் இருக்கும். இருபத்தைந்தாம் தேதி வரை பார்ப்பேன். பதில் வராவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். துப்பாக்கிக்காக இல்லை. உன் எதிரில் உட்கார்ந்து இதையே மறுபடியும் கேட்க.

மார்லிஸ்

*

ஸ்கோபி
செப்டம்பர் 20

குட்டி,

ஆமாம்.

எழுதி வைத்துவிட்டு மூன்று நாளாக அந்த ஒரு வார்த்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மீதியையும் எழுதுகிறேன்.

அந்தத் தாள் டிராக்டருக்காக எழுதியது இல்லை. முதலில் அப்படித்தான் நினைத்து உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது அப்படி இல்லை என்று எனக்கே தெரிந்தது. நீ வந்து போன பிறகு உன் மேல் இருந்த கோபத்தில் ஆகஸ்ட் மாதம் ஓடிவிட்டது. நிஜத்தைச் சொன்னால் அந்தக் கோபம்தான் காலையில் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது.

ஷெரிப் ஆபீஸ் பையன் போன பிறகு மோசமாகிவிட்டது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நீ கேட்ட நாளிலிருந்து அந்தச் சின்னத் துப்பாக்கி என் கண்ணை விட்டுப் போகவில்லை. அறுபது வருஷமாக ஆணியில் தொங்கியது, ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போது முட்டை எடுக்கப் போனாலும் பார்க்கிறேன், மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போனாலும் பார்க்கிறேன். கொட்டகைப் பக்கம் போகாமல் சுற்றிப் போக ஆரம்பித்தேன். சொந்த இடத்தில் ஒரு மனுஷன் சுற்றிக்கொண்டு நடக்கிறான், பார்த்துக்கொள்.

பதினாறாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு அதை ஆணியிலிருந்து எடுத்தேன். எதற்கு என்று உனக்கு எழுத வேண்டாம். கொட்டகையில் கோழிகள் குறுக்கே வந்துகொண்டிருந்தன. வீட்டுக்குள் போய்விடலாம் என்று நடந்தேன். வெயில் சுள்ளென்று இருந்தது.

வாசற்படியில் கால் வைத்தேன். கை தானாகப் போய் போல்ட்டை உருவிவிட்டது.

நான் நினைத்துச் செய்யவில்லை குட்டி. அது வீட்டுக்குள் ஒருநாளும் வந்ததில்லை, ஆனால் கைக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? துப்பாக்கியோடு அந்தப் படியை மிதித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆறு வயதிலிருந்து தெரிந்ததைச் செய்தது. உருவிவிட்டு இடது பக்கம் திரும்பி வைக்கப் போனேன். அங்கே கிண்ணம் இல்லை. நீதான் எடுத்துக்கொண்டு போய்விட்டாயே, திருடி. போல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வைக்க இடம் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேன் தெரியவில்லை. அப்புறம் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். ரோண்டா போன அன்றுகூட அப்படி அழுததில்லை. அவள் அடக்கத்துக்கு வந்த ஜனம் நான் தைரியமாக இருக்கிறேன் என்று மெச்சிவிட்டுப் போயிற்று.

மறுநாள் காலை டுவேன் காபிக்கு வந்தான். "டுவேன், எனக்கு உடம்பு சரியில்ல"ன்னேன். "எங்க வலிக்குது?"ன்னான். "எங்கன்னு சொல்லத் தெரியல, உயிரோட இருக்கவே புடிக்கல"ன்னேன். அவன் கப்பை வைத்துவிட்டு, "எந்திரி, வண்டில ஏறு"ன்னான். நேரே ஆஸ்பத்திரிக்கு. அங்கே டாக்டரம்மா ஒரு மணி நேரம் பேசவிட்டாள். மாத்திரை கொடுத்திருக்கிறாள். புதன்கிழமைதோறும் வரச் சொல்லியிருக்கிறாள். டுவேன்தான் கூட்டிக்கொண்டு போகிறான். வழி முழுக்க அவன் போடும் பாட்டுக்கு மட்டும் மருந்து இல்லை.

இந்தப் பார்சலுக்குள் துணியில் சுற்றி இருப்பது அந்தப் போல்ட். குழாய் மறுபடியும் ஆணியில் தொங்குகிறது, தொங்கட்டும். நரி வந்தால் டுவேனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

ஏழு துப்பாக்கியை நீ எடுத்தாய். எட்டாவதை நான் தருகிறேன். அதைக் கிண்ணத்தில் போடு.

அண்ணன்

*

மிசூலா
செப்டம்பர் 25

அண்ணா,

கிண்ணத்தில் போட்டுவிட்டேன். கிளிங்கென்று அதே சத்தம்.

காலையிலேயே பெட்டியைக் கட்டி வண்டியில் வைத்துவிட்டேன், இன்றைக்குத்தானே கெடு. தபால்காரர் வந்து கையெழுத்துக் கேட்டார். பேனாவை வாங்காமல் பார்சலைத்தான் பிடுங்கிக்கொண்டேன். "கெட்ட செய்தியாம்மா?"ன்னார். "இல்லைங்க, எங்க அண்ணன் அனுப்பினது"ன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம்.

அழ மாட்டேன் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ போனை எடுத்ததற்கு நன்றி. "ம்", "சரி", "வைடி" என்று மூன்றே வார்த்தை பேசினாய். எனக்கு அது போதும்.

அக்டோபர் 19 வெள்ளிக்கிழமை வருகிறேன், ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறேன். மறுநாள் சீசன் திறக்கிறது. அப்பாவின் துப்பாக்கி உன்னுடையது, மற்ற ஆறும் உன்னுடையவை. அவற்றை என் அலமாரியில் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்காமல் எடுத்தேன், இப்போது கேட்கிறேன். எதையெல்லாம் கொண்டுவர வேண்டும்? ஏழும் என்றால் ஏழும் வரும். எனக்குப் பயமாக இருக்கிறது, இருந்தாலும் கொண்டுவருவேன். நீ சொல்வதுதான்.

மார்லிஸ்

*

ஸ்கோபி
அக்டோபர் 2

குட்டி,

கிண்ணத்தை மட்டும் கொண்டுவா. வாசலில் பழைய இடத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

மற்றது உன்னிடமே இருக்கட்டும், நான் கேட்கிற வரைக்கும். கேட்கும்போது டாக்டரம்மாவிடமும் டுவேனிடமும் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன். இந்த வருஷம் மான்கள் பிழைத்துப் போகட்டும். எப்படியும் நான் வேலிக் கம்பத்தைத்தான் சுடுவேன்.

பிரிட்ஜிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். பாலின் தேதியை மட்டும் நீ பார்த்து வாங்கி வா.

அண்ணன்